சீழ் வடியும் காதுக்கு ஒரு பட்டி

ஸ்பிரிங்வெளித் தோட்ட லயங்களில் பிள்ளைக்குக் காதில் சீழ் வடிந்தால், பஞ்சை அடைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பிவிடுவது வழக்கம். நூற்றுக்கு 4 பேருக்கு மேல் இந்த நாட்பட்ட சீழ் இருந்தால் உடனடிக் கவனம் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இப்படிக் காது மந்தமாகும் பிள்ளைக்கு, துவாரத்தை அடைக்கும் சாதாரணக் காதுக்கருவி ஈரத்தைத் தேக்கிச் சீழைக் கூட்டும். எலும்புவழிக் கருவியோ காதின் பின்னெலும்பை அதிரவைத்து, பழுதான நடுக்காதைத் தொடாமல், ஒலியை நேரே உட்காதுக்குச் சேர்க்கிறது. தலைப்பட்டியில் கோத்தோ தோலில் ஒட்டியோ அணியலாம், கத்தி வேண்டாம்.

தோலைத் தாண்டும்போது ஒலி தேயுமே என்பார்கள். உண்மைதான், மேல்சுருதியில் 10 முதல் 15 டெசிபல் வரை குறையலாம், 'ஸ்' என்ற ஓசை மங்கும், பட்டி இறுகினால் தோல் சிவக்கும். ஆனால் அந்தத் தேய்வைத் தவிர்க்க எலும்பில் திருகு பதித்துக் கருவியை மாட்டுவதை, மண்டையோடு மெல்லிதாக இருப்பதால், பொதுவாக 5 வயதுக்கு முன் செய்வதில்லை. அதுவரை பிள்ளை பாடம் கேட்காமல் இருக்கலாமா? பட்டியைச் சில நாள் போட்டுப் பார்த்தே பயனை அளக்கலாம், சரிவராவிட்டால் கழற்றிவிடலாம். என் கணக்கில் இதுவே பெரிய இலாபம். ஒன்று மட்டும்: கருவி கேட்க வைக்கும், நோயைத் தீர்க்காது. எலும்பை அரிக்கும் சீழுக்குச் சத்திரசிகிச்சைதான் வழி. ஆகவே வடிகிற காதில் எண்ணெய் விடாமல், முதலில் பதுளைப் பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள்.