அந்தப் பன்னிரண்டரைப் பவுண் யாருடைய கடன்?



எனக்கு முன்னர் பேசியவர்கள், புகை கூடிய பழைய வாகனங்களை லண்டனில் ஓட்டினால் நாளொன்றுக்கு 12.50 பவுண் கட்டவைக்கும் யூலெஸ் கட்டணத்தை அடியோடு நீக்க வேண்டும் என்றார்கள். மண்டபம் அதிரக் கைதட்டினீர்கள். இன்றைய தீர்மானமும் அதையேதான் கேட்கிறது. அந்தத் தீர்மானத்தை எதிர்த்துப் பேசத்தான் நான் எழுந்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள். கேட்ட பிறகு ஏசுவதென்றால் ஏசுங்கள்.

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஏஜென்சி கூப்பிடும் நாட்களில் கெயார் ஹோமுக்கு இரவு வேலைக்குப் போகும் ஒரு அக்காவை நினைத்துப் பாருங்கள். கையில் இருப்பது 2014ஆம் ஆண்டு டீசல் கார். இரவு ஒன்பதரைக்கு வெளிக்கிட்டு மறுநாள் காலை எட்டரைக்கு வீடு திரும்புகிறார். யூலெஸ் கணக்கில் நாள் என்பது நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. அதனால் போனதற்கு 12.50, வந்ததற்கு 12.50. ஒரே ஒரு இரவு வேலைக்கு 25 பவுண்! 2025 ஏப்ரலில் சட்டம் நிர்ணயித்த ஆகக்குறைந்த மணித்தியாலச் சம்பளம் 12.21. வயதானவர்களைத் தூக்கிவிட்டு, கழுவிவிட்டு, உடுப்பு மாற்றிவிட்டுச் சம்பாதித்த இரண்டு மணித்தியாலக் காசு அப்படியே கமராவுக்குப் போய்விடுகிறது. அதே வீதியில், நாற்பது வருடம் தாண்டிய பழங்காலக் காரை ஆசைக்கு வைத்திருக்கும் செல்வந்தர் ஒரு பென்ஸ் கட்டத் தேவையில்லை. சட்டமே விலக்குக் கொடுத்திருக்கிறது. இது அநியாயம். நகரசபை மண்டபத்தின் முன்னால் நின்று கேட்டாலும் அநியாயம் என்றுதான் சொல்வேன்.

ஆனால் நண்பர்களே, இந்த அக்காவின் பெயரைச் சொல்லிக்கொண்டு புகைக்கு வக்காலத்து வாங்க வருகிறார்களே, அவர்களைத்தான் நான் கேள்வி கேட்க விரும்புகிறேன். கட்டணம் வருவதற்கு முன்னர் இந்தப் புகைக்கு யாரும் விலை கொடுக்கவில்லையா?

கொடுத்தார்கள். லூயிஷம் பகுதியில், சவுத் சேர்க்குலர் வீதிக்கு மிக அருகில் எல்லா என்றொரு சிறுமி வாழ்ந்தாள். கடும் ஆஸ்துமா. மூன்றே வருடங்களில் ஏறத்தாழ முப்பது தடவை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். 2013 பெப்ரவரியில் இறந்துபோனாள். வயது ஒன்பது. 2014இல் நடந்த முதல் விசாரணை சுவாசம் செயலிழந்து இறந்தாள் என்று சொல்லிக் கோப்பை மூடியது. தாய் ரோசமண்ட் விடவில்லை. உயர் நீதிமன்றம் வரை போய் அந்த முடிவை ரத்துச் செய்வித்தார். 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி பிலிப் பார்லோ, வாகனப் புகையால் கெட்ட காற்றும் அந்தச் சாவுக்குக் காரணம் என்று எழுத்தில் பதிந்தார். இந்த நாட்டில் அப்படிப் பதியப்பட்ட முதல் மரணம் அது. காற்று இவ்வளவு மோசம் என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த வீட்டை விட்டே போயிருப்பேன் என்றார் தாய். ஒருவரும் சொல்லவில்லை.

2019இல் மட்டும் லண்டனில் 3,600 முதல் 4,100 வரையான மரணங்களுக்குக் காற்று மாசு காரணமாக இருந்திருக்கலாம் என்று இம்பீரியல் கல்லூரி ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். இந்தக் கணக்கையும் சேர்த்துப் பார்க்காமல் 12.50 கூடுதலா குறைவா என்று எப்படிப் பேசுவது?

இன்னொன்றையும் யோசியுங்கள். லண்டனில் 100 வீடுகளில் 40க்கு மேல் காரே இல்லை. வசதி குறையக் குறைய காரில்லாத வீடுகள் கூடுகின்றன. காற்று ஆக மோசமாக இருப்பதும் பெரும்பாலும் வசதி குறைந்தவர்கள் வாழும் பகுதிகளில்தான். பிரதான வீதியில் கடைக்கு மேலே இருக்கும் சின்ன பிளாட்டில் யார் இருக்கிறார்கள்? நம் சனங்கள் வந்து இறங்கியதும் அப்படிப்பட்ட அறைகளில்தானே? பஸ் தரிப்பில் ஒரு தாய் தள்ளுவண்டியோடு நிற்பதைக் கவனித்துப் பாருங்கள். வண்டியில் இருக்கும் குழந்தையின் மூக்கும், எஞ்சினை நிறுத்தாமல் நிற்கும் வானின் புகைக்குழாயும் ஏறக்குறைய ஒரே உயரம். பக்கத்தில் நிற்கும் மூத்த பிள்ளையின் புத்தகப் பையில் ஆஸ்துமாவுக்கான நீலநிறப் பம்ப். கார் இல்லாததால் அந்தத் தாய் புகை விடவில்லை. புகையால் வரும் செலவு மட்டும் முழுவதும் அவருடையது. ஏழைகளுக்காகப் பேசுகிறோம் என்று மேடை ஏறுபவர்கள் இந்த ஏழையை ஏன் காணவில்லை?

இந்தக் கட்டணத்தை வெளி லண்டனுக்கும் விரிவாக்குவதை எதிர்த்து நமது ஹரோ கவுன்சிலும் வேறு நான்கு கவுன்சில்களும் சேர்ந்து வழக்குப் போட்டன. 2023 ஜூலை 28இல் தோற்றன. அதற்கு ஒரு கிழமை முன்னர், இந்தக் கட்டணமே பேசுபொருளாக இருந்த அக்ஸ்பிரிட்ஜ் இடைத்தேர்தல் 495 வாக்கு வித்தியாசத்தில் முடிய, பெரிய கட்சிகள் இரண்டும் ஆட்டம் கண்டன. வாக்கு எண்ணியவர்களுக்குப் பிள்ளைகளின் மூச்சு கேட்கவில்லை.

சரி, அந்த அக்காவின் கைக்கு டீசல் கார் எப்படி வந்தது? 2001இல் அரசாங்கம் கார் வரியைக் காபனீரொட்சைட்டின் அளவை வைத்து மாற்றியது. அந்தக் கணக்கில் டீசல் நல்ல பிள்ளை. நைதரசன் ஒட்சைட்டுகளையும் நுண்துகள்களையும் அது கூடுதலாகக் கக்குகிறது என்பதை வரி பார்க்கவில்லை. புதிய கார்களில் ஐந்தில் ஒன்றுக்கும் குறைவாக இருந்த டீசல், பத்துப் பதினொரு வருடத்தில் பாதியைத் தொட்டது. 2015 செப்டெம்பரில் ஃபோக்ஸ்வாகன் பிடிபட்டது. சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்டும் மென்பொருளைக் காருக்குள் ஒளித்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் கார்களைத் திருப்பி வாங்கினார்கள். இங்கே மென்பொருளைத் திருத்திக் கொடுத்தார்கள். வழக்குப் போட்ட சுமார் 91,000 கார்க்காரருக்கு 2022இல் 193 மில்லியன் பவுண் கொடுத்து வழக்கை முடித்தார்கள். அந்தப் புகையைச் சுவாசித்தவர்களுக்கு அதில் ஒரு பென்ஸ் இல்லை.

நான் கோபப்படுவது இங்கேதான். வாங்கு என்று தூண்டியது அரசாங்கம், பொய் சொல்லி விற்றது கம்பெனி. கடைசியில் பில் மட்டும் கெயார் ஹோம் அக்காவின் வாசலுக்கு வருகிறது. பழைய காரைக் கொடுத்து 2,000 பவுண் வாங்கும் திட்டத்தை எல்லா லண்டன்வாசிகளுக்கும் எப்போது திறந்தார்கள்? 2023 ஓகஸ்ட் 21. கட்டணம் முழு லண்டனுக்கும் வந்தது 29ஆம் திகதி. எட்டே நாள்! எல்லைக்கு அப்பால் வட்போர்ட்டில் இருந்து இங்கே கடை நடத்த வருபவருக்கு அதுவும் இல்லை. இதுபோன்ற திட்டத்துக்குப் பேர்மிங்ஹாமுக்குக் காசு கொடுத்த மத்திய அரசு, லண்டனின் இந்த விரிவாக்கத்துக்குக் கையை விரித்தது.

இவ்வளவு குறை இருந்தும் ஏன் நீக்கக் கூடாது என்கிறேன்? அது வேலை செய்கிறது. இன்று லண்டனில் ஓடும் வாகனங்களில் 100க்கு 96க்கு மேல் இந்தக் கட்டணம் கட்டத் தேவையற்றவை. இந்தத் திட்டம் இல்லாதிருந்தால் இருந்திருக்கும் அளவைவிட வீதியோரத்து நைதரசனீரொட்சைட்டு 27 வீதம் குறைவு என்று மேயர் அலுவலகத்தின் அறிக்கை சொல்கிறது. அந்தப் பஸ் தரிப்பில் நிற்கும் பிள்ளைக்குக் கிடைத்த அந்த 27 வீதத்தைப் பறித்து நமக்கு என்ன ஆகப்போகிறது?

ஆகவே தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்துக்கு நான் ஒரு திருத்தம் முன்மொழிகிறேன். கட்டணம் இருக்கட்டும். ஒரு வேலை நேரத்துக்கு ஒரு கட்டணம் மட்டும் என்று நள்ளிரவுக் கணக்கை மாற்றட்டும். பழங்காலக் கார்களுக்கான விலக்கை எடுக்கட்டும். 2024 செப்டெம்பரில் மூடிய உதவித் திட்டத்தை மறுபடி திறந்து, லண்டனுக்கு வெளியிலிருந்து வேலைக்கு வருபவர்களையும் சேர்க்கட்டும். அதற்கான காசை டீசல் கார் விற்று இலாபம் பார்த்த கம்பெனிகளிடம் வெஸ்ட்மின்ஸ்டர் வசூலிக்கட்டும். விடிகாலையிலும் ஓடும் பஸ்களை வெளி லண்டனுக்குக் கூட்டட்டும். இந்தக் கோரிக்கைகளோடு நகரசபை வாசலுக்குப் போவதென்றால் பதாகை பிடிக்க நான் முதல் ஆளாக வருகிறேன்.

வழிமொழிபவர்கள் கையை உயர்த்துங்கள். காரில்லாத வீட்டுக்காரர்கள் முதலில் உயர்த்துங்கள்.