காசல்ரீயின் அடிச்சேறு



மழை பொய்த்த வருடங்களில் மஸ்கெலியாவில் ஒரு காட்சி. மவுசாக்கலை நீர்த்தேக்கம் வற்றியதும், அணை வந்தபோது மூழ்கிய பழைய நகரத்தின் கோயில் வெளியே தெரியும். பார்க்கக் கூட்டம் கூடும். நான் பேச வந்ததோ, அந்தக் கோயிலைச் சுற்றி வெடித்துக் கிடக்கும் சேற்றையும், பக்கத்துக் காசல்ரீ நீர்த்தேக்கத்தின் அடியில் கிடக்கும் சேற்றையும் பற்றி.

அது தேயிலை மலையின் மண். 1946இல் கொப்புள நோய் இலங்கைத் தேயிலையில் புகுந்தது. இளங்கொழுந்தைக் கருக்கும் பூஞ்சணம். அதை எதிர்க்கக் கைகொடுத்தது செம்பு மருந்து. மழைக்காலம் முழுவதும், கவ்வாத்து வெட்டிய மலையில் துளிர் விடும்போதும், முதுகில் டாங்கியைச் சுமந்து நம் ஆட்கள் அடித்தார்கள். தேயிலை பிழைத்தது, மறுக்க முடியாது. ஆனால் செம்பு உலோகமல்லவா? மட்காது, ஆவியாகாது. களிமண்ணைப் பற்றிக்கொண்டு, மண் போகும் இடமெல்லாம் போகும். பொஸ்பேட் உரத்தில் சிறிதளவு கலந்துவரும் கட்மியமும் அப்படித்தான்.

கான் தூர்ந்துபோன மலையில் ஒரு பெருமழை பெய்தால் அந்த மண் எங்கே போகும்? முன்பு கெசல்கமுவ ஓயாவில் இறங்கி, களனியோடு கடலுக்குப் போனது. 1965இல் காசல்ரீ அணை எழுந்தது. தண்ணீர் நின்றது, மண் படிந்தது, வருடா வருடம் அடுக்கடுக்காக. ஒரு நீண்ட குழாயைச் சேற்றில் இறக்கி உருவினால், அடியில் 1965, மேலே இந்த வருடம். நடுவில் உள்ள அடுக்குகளின் வயதை, சுமார் 22 ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும் ஈயம்-210 சொல்லிவிடும். ஒவ்வோர் அடுக்கிலும் உள்ள செம்பை அளந்தால், எந்தக் காலத்தில் மலையிலிருந்து எவ்வளவு இறங்கியது என்று தெரியும்.

சேற்றோடு ஒட்டிக் கிடக்கும்வரை உலோகம் பெரும்பாலும் அசையாது. அடித்தண்ணீரில் ஒட்சிசன் குறையும்போதுதான் கவலை: அதைப் பிடித்துவைத்திருந்த இரும்புத் துரு கரைய, உலோகமும் தண்ணீருக்குத் திரும்பக்கூடும். சேறு வெயிலில் காய்ந்து மறுபடி நனைந்தாலும் அந்தக் கட்டு தளரலாம். இந்தத் தண்ணீர்தான் லக்சபான மின்நிலையங்களைச் சுழற்றிவிட்டுக் களனியில் சேருகிறது. கொழும்பு குடிப்பது பெரும்பாலும் களனித் தண்ணீரை.

கொழும்பில் குடிப்பதற்கு முன் சுத்திகரிக்க நிலையம் இருக்கிறது. ஆனால் நீர்த்தேக்கக் கரையோர லயத்துப் பிள்ளைகள் தூண்டில் போட்டுப் பிடிக்கும் மீன் நேராகக் குழம்புச் சட்டிக்குப் போகிறது. ஆகவே தண்ணீரை மட்டும் சோதித்தால் போதாது. சேற்றையும், அந்த மீனையும் காலந்தவறாமல் சோதிக்க வேண்டும். முடிவைக் கரையிலேயே, தமிழிலும் சிங்களத்திலும் பலகையில் எழுதிவைக்க வேண்டும்.