இணையத்தில் எழுதுவோர் நேரில் கூடும்போது

(சேலம், நாமக்கல் மாவட்ட ஆசிரியர்கள் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை)



தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் தன்னார்வலர்கள் நேரில் சந்திப்பதற்கு ஏற்பாடு செய்வது எப்படி என்று பேசச் சொல்லியிருக்கிறார்கள். "எல்லாம் இணையத்தில் நடக்கும்போது நேரில் எதற்குச் சந்திக்க வேண்டும்?" என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. தொடக்க நாள்களில் அதைத் தாங்கி நின்றவர் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே, ஓய்வு நேரத்தில் கட்டுரை கட்டுரையாக எழுதிச் சேர்த்தார். பிறகு பல நாட்டுத் தமிழர்கள் சேர்ந்தார்கள். 2017 மே மாதம் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. ஒருவருக்கும் ஊதியம் கிடையாது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திராமலே பல ஆண்டுகள் சேர்ந்து உழைத்தவர்கள் அங்கே உண்டு. அவர்கள் கூடிப் பேசும் பக்கத்துக்கு 'ஆலமரத்தடி' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரே அழகு.

ஆனால் ஆலமரத்தடிக்குப் போக வழி தெரிந்தவர்களுக்குத்தான் அது உதவும். புதிதாக வருகிற நம் ஆசிரியருக்கு அப்படி ஓர் இடம் இருப்பதே தெரியாது.

திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து ஓர் அறிவியல் ஆசிரியை எங்கள் சந்திப்புக்கு வந்தார். உட்கார்ந்ததும் கேட்ட முதல் கேள்வி: "ஏனுங்க சார், ரெண்டு நாள் உக்காந்து ஒரு கட்டுரை போட்டேனுங்க. மறுநாள் பார்த்தா காணோம். நான் எழுதுனது எங்கே போச்சுங்க?" அந்தக் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகம். பாடநூலில் இருந்த பத்திகளை அவர் அப்படியே தட்டச்சு செய்து போட்டிருந்தார். பாடநூலுக்குக் காப்புரிமை உண்டு. அதனால் நீக்கிவிட்டு, காரணத்தை அவருடைய பேச்சுப் பக்கத்தில் எழுதியும் வைத்திருந்தார்கள். தனக்குப் பேச்சுப் பக்கம் என்று ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது. யாரோ வேண்டுமென்றே அழித்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

இருபது நிமிடம்தான் ஆயிற்று. பேச்சுப் பக்கத்தைத் திறந்து காட்டினோம். 'வரலாற்றைக் காட்டவும்' என்பதைச் சொடுக்கினால் யார், எப்போது, என்ன மாற்றினார்கள் என்று தெரியும் என்று விளக்கினோம். "வகுப்பில் பாடம் நடத்தும்போது புத்தகத்தைப் பார்த்தா வாசிக்கிறீர்கள் டீச்சர்? அங்கே சொல்வதுபோல் உங்கள் சொல்லில் எழுதுங்கள்" என்றேன். மதியச் சாப்பாட்டுக்குள் நான்கு பத்தி எழுதிவிட்டார். அது இன்றும் இருக்கிறது. அன்று அவர் வந்திருக்காவிட்டால் திரும்ப எழுதியிருக்கவே மாட்டார். இப்படிச் சொல்லாமல் விலகிப்போனவர்கள் எத்தனை பேரோ! நேரில் சந்திப்பது இவர்களுக்காகத்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால், கூட்டத்தை எப்படி நடத்துவது என்பது தானாகவே விளங்கிவிடும்.

முதலில் இடமும் நேரமும். எங்களுக்கு ராசிபுரம் தோதாக இருக்கிறது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கும் ஊர். ஆத்தூரிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் பேருந்து உண்டு. பள்ளி விடுமுறைச் சனிக்கிழமையாகப் பார்த்து வைக்கிறோம், முகூர்த்த நாள் இல்லாமல். காலை பத்தரைக்குத் தொடங்கி மூன்றரைக்கு முடித்துவிடுவோம். பரமத்தி வேலூரிலிருந்து வரும் டீச்சர் விளக்கு வைப்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். ஐந்தரை மணி வரை நன்றியுரை நடத்தும் கூட்டத்துக்கு அவர் அடுத்த முறை வர மாட்டார். குழந்தைகளை அழைத்துவரலாம் என்று அழைப்பிலேயே எழுதிவிடுங்கள். அந்த ஒரு வரிக்காகவே வந்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, பலர் மாட்டிக்கொள்ளும் இடம். ஒரே இணைய இணைப்பிலிருந்து ஒரு நாளில் ஆறு புதிய பயனர் கணக்குகளைத்தான் விக்கிப்பீடியா அனுமதிக்கும். முப்பது பேரைக் கணினி அறையில் உட்காரவைத்து "எல்லோரும் கணக்குத் தொடங்குங்கள்" என்றால் ஏழாவது ஆளிலிருந்து நின்றுவிடும். பாதி நாள் அதிலேயே போகும். அதனால் கணக்கை வீட்டிலேயே தொடங்கிவிட்டு வரச் சொல்லுங்கள். முடியாதவர்கள் தங்கள் கைப்பேசியின் இணைப்பிலேயே தொடங்கட்டும். பெரிய பயிலரங்கு என்றால் இந்த வரம்பைத் தளர்த்தும்படி முன்கூட்டியே கேட்கலாம், அதற்கு வழி இருக்கிறது.

ஆனால் பெரிய பயிலரங்கில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. 2017இல் நம் துறை வழியாக ஆசிரியர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியா பயிற்சிகள் நடந்தன. அறிமுகம் செய்து வைக்க அவை வேண்டும். ஒருவரைத் தொடர்ந்து எழுதவைக்க, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார ஓர் ஆள் வேண்டும். எங்கள் கணக்கு மூன்று புதியவருக்கு ஒரு பழையவர். பன்னிரண்டு பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. பேனர் இல்லை, பொன்னாடை இல்லை, சான்றிதழும் இல்லை. சான்றிதழுக்காக வருகிறவர் அது கையில் கிடைத்ததும் கிளம்பிவிடுகிறார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. தேநீர்ச் செலவைப் பங்கிட்டுக்கொள்கிறோம். சாப்பாடு அவரவர் டப்பாவில்.

காலையில் ஒவ்வொருவரும் ஏற்கெனவே உள்ள ஒரு கட்டுரையில் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். அவ்வளவே. தம் ஊரைப் பற்றிய கட்டுரையைத் திறந்தாலே பிழை கண்ணில் படும். 'தொகு' என்பதை அழுத்தி, திருத்தி, வெளியிட்டு, உலகம் முழுதும் அது தெரிகிறது என்று பார்த்த நொடியில் ஐம்பத்தைந்து வயதுத் தலைமையாசிரியர் முகத்திலும் ஒரு சிறுபிள்ளைச் சிரிப்பு வருகிறது.

மதியம்தான் எனக்குப் பிடித்த நேரம். ஒரு முறை ஜவ்வரிசி பற்றிப் பேச்சு வந்தது. ஆத்தூர்ப் பக்கத்து ஆசிரியர் ஒருவரின் தந்தை சேகோ ஆலையில் வேலை பார்த்தவர். மரவள்ளிக் கிழங்கைத் தோல் சீவி, கழுவி, அரைத்து, வடிகட்டி, பாலைத் தொட்டியில் படியவிட்டு, படிந்த மாவைத் துணித் தொட்டிலில் போட்டுக் குலுக்கிக் குருணையாக்கி, சூட்டுத் தட்டில் வறுத்து, களத்தில் காயவைப்பது வரை அவர் சொல்லச் சொல்ல நாங்கள் வாயடைத்துப் போனோம். "இதை அப்படியே எழுதிவிடலாமே" என்றார் ஒருவர். முடியாது. விக்கிப்பீடியாவில் 'நான் பார்த்தேன்' என்பது சான்று ஆகாது. ஏற்கெனவே வெளிவந்த, நம்பகமான ஆதாரம் வேண்டும்.

உடனே தேடல் தொடங்கியது. ரிச்சர்ட்ஸ் எழுதி 1918இல் வந்த சேலம் மாவட்ட விவரச் சுவடியைப் பார்க்கலாம் என்றார் வரலாற்று ஆசிரியர். அதில் எப்படி இருக்கும்? ஜவ்வரிசித் தொழில் சேலத்தில் வேரூன்றியதே 1940களில், போரால் கீழ்த்திசை நாடுகளிலிருந்து வரும் சரக்கு நின்றுபோன பிறகு. சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வந்தது 1981இல். வேளாண் பல்கலைக்கழக வெளியீடுகள், பழைய நாளிதழ்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் என்று ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். சான்று கிடைத்த வரிகள் மட்டும் கட்டுரையில் ஏறின. துணித் தொட்டில் இன்னும் ஏறவில்லை. யாராவது ஆதாரம் வைத்திருந்தால் கொடுங்கள். அதைச் செய்த கைகள் வயதாகிக்கொண்டிருக்கின்றன.

இரண்டு எச்சரிக்கைகள். பலர் புனைபெயரில் எழுதுகிறார்கள், குறிப்பாகப் பெண்கள். குழுப் படம் எடுத்து "இவர்தான் அந்தப் பயனர்" என்று பெயருடன் பகிரக் கூடாது. படத்தில் இருக்க விருப்பமா என்று ஒவ்வொருவரையும் தனியே கேளுங்கள். கூட்டத்தின் நடுவில் கேட்டால் மறுக்கக் கூச்சப்படுவார்கள். மாணவர் படங்கள் எதையும் பொதுவில் ஏற்ற வேண்டாம்.

இன்னொன்று, சந்திப்பு முடிந்த மூன்றாம் நாள் வந்தவர்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. வீட்டில் தனியாக உட்கார்ந்து எழுதும்போதுதான் உண்மையான சந்தேகம் வரும். "டீச்சர், மறுபடி ஏதாவது எழுதினீங்களா?" என்று கேட்டால் போதும். அந்த அழைப்புக்குப் பிறகு எழுதியவர்களே அடுத்த சந்திப்பில் மூன்று பேருக்கு நடுவில் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள்.

ராசிபுரம் வர விரும்புகிறவர்கள் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள். கணக்கை வீட்டிலேயே தொடங்கிவிடுங்கள், கடவுச்சொல்லை மறக்காமல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசிக்கு மின்னூட்டக் கம்பி எடுத்துவாருங்கள், எங்களிடம் இருப்பது இரண்டுதான்.