போரும் குத்தகையும்

(ஆவணப்படத் திரையிடலுக்குப் பின் ஆற்றிய உரை)



வேலை முடிந்த களைப்போடு, பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நாம் பார்த்தது 2006இல் ராபர்ட் கிரீன்வால்ட் எடுத்த 'ஈராக் ஃபார் சேல்' எனும் படம். "ஈராக் சண்டை நமக்கு எதற்கு ஐயா?" என்று ஓர் அம்மா என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி.

சமையல், துணி துவைப்பு, லாரி ஓட்டுவது, கைதிகளை விசாரிப்பது வரை அமெரிக்க ராணுவம் தனியாருக்குக் குத்தகை விட்டது. ஆன செலவைக் கொடுத்து, அதற்கு மேல் லாபமும் கொடுக்கும் ஒப்பந்தங்கள் அவை. செலவு ஏறினால் லாபமும் ஏறும். பிறகு யார் சிக்கனம் பார்ப்பார்கள்? டயரும் உதிரிப்பாகமும் இல்லாமல் லாரிகளைக் கொளுத்திய கதையை ஓட்டுநர்களே சொன்னார்கள்.

இந்தப் படத்தோடு சேர்த்து இன்னொன்றையும் நீங்கள் கேட்க வேண்டும். 2004 ஆகஸ்டில் 12 நேப்பாளத் தொழிலாளர்கள் ஈராக்கில் கடத்திக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலருக்கு ஏஜெண்டு சொன்னது ஜோர்டானில் ஹோட்டல் வேலை. குடும்பம் கடன் வாங்கிப் பணம் கட்டியது. அங்கே போனதும் கடப்பிதழைப் பிடுங்கிக்கொண்டு, அமெரிக்க முகாம் வேலைக்கு ஈராக்குக்கு அனுப்பினார்கள். போய்ச் சேரும் முன்பே பிடிபட்டார்கள். குடும்பங்கள் அமெரிக்காவில் வழக்குப் போட்டன. துணைக் குத்தகை நிறுவனம் நஷ்ட ஈடு கொடுக்க 2008இல் உத்தரவானது. பெரிய குத்தகையை எடுத்த கே.பி.ஆர். நிறுவனமோ வழக்கிலிருந்து தப்பிக்கொண்டது.

ஆசை வார்த்தை, கடன், ஏஜெண்டு. கங்காணியை நம்பிக் கப்பலேறிய நம் பாட்டன் பூட்டன் கதை ஞாபகம் வரவில்லையா?

அபு கிரைப் சிறைக்கு விசாரணையாளர்களை அனுப்பியது 'காசி' என்ற நிறுவனம். அங்கே சித்திரவதைப்பட்ட ஈராக்கியர்கள் 2008இல் வழக்குத் தொடுத்தார்கள். "எங்கள் ஆட்கள் ராணுவத்தின் கட்டளைக்குக் கீழ் இருந்தவர்கள், பொறுப்பு எங்களுடையதல்ல" என்பது நிறுவனத்தின் வாதம். 16 ஆண்டு இழுத்தடித்த பிறகு, 2024 நவம்பரில் ஜூரிகள் அந்த நிறுவனத்தைப் பொறுப்பாளியாக்கி, மூவருக்கு 4 கோடியே 20 லட்சம் டாலர் விதித்தார்கள். நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது. அது எப்படியானாலும், மூன்று சாதாரண மனிதர்கள் விடாமல் நின்றதால் வந்த தீர்ப்பு அது.

அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். குத்தகைக்குக் கீழ் குத்தகை விடுவது, தப்பு நடந்தால் கை காட்டித் தப்பிப்பதற்கு வசதி. அங்கே போர்முனையில், இங்கே தொழிற்சாலையில். ஆகவே சம்பளச் சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். சேமநிதியும் சொக்சோவும் கட்டுகிறார்களா என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தின் நகலை வாங்கி வையுங்கள்.

பக்கத்து மெஷினில் ஒரு நேப்பாளத் தம்பி நிற்பான். நம் வேலையைப் பறிக்க வந்தவன் என்று ஏசாதீர்கள். "உன் கடப்பிதழ் யார் கையில் இருக்கிறது தம்பி?" என்று கேளுங்கள். முதலாளி அதைப் பறித்து வைத்திருந்தால், 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அது குற்றம் என்று சொல்லிக் கொடுங்கள்.