சூதாட்ட நகரத்தில் பாட்டுக்குப் படியளந்தது யார்?

(நம் சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்பில் பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போய் வருபவர்கள் நிறையப் பேர். அவர்களில் பலர் லாஸ் வேகஸையும் ஒரு எட்டு பார்த்துவிட்டுத்தான் திரும்புகிறார்கள். விளக்கு அலங்காரம், நீரூற்று என்று போட்டோ காட்டுவார்கள். அந்த ஊருக்கு இன்னொரு முகம் உண்டு. எண்பது வருடமாக ஆயிரக்கணக்கானவர்கள் மேடையில் பாடியும் வாசித்தும் பிழைத்த ஊர் அது. எனக்குச் சங்கீத ஞானம் கிடையாது. பி.காம். முடித்து, வங்கியில் கிளார்க்காக லெட்ஜர் எழுதியவன். அதனால் இந்தக் கதையைப் பணத்தின் வழியாகவே சொல்கிறேன். அந்தப் பாட்டுக்குப் பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது?

1931-ல் நெவாடா மாநிலம் சூதாட்டத்தைச் சட்டப்படி அனுமதித்தது. 1941-ல் ஊருக்கு வெளியே நெடுஞ்சாலை ஓரம் எல் ராஞ்சோ வேகஸ் என்ற ஓட்டல் திறந்தது. இன்று ‘ஸ்ட்ரிப்’ என்று புகழ்பெற்ற சாலையின் முதல் கேசினோ ஓட்டல் அதுதான். 1946 டிசம்பர் 26 அன்று ஃபிளமிங்கோ திறந்தபோது, நகைச்சுவைக் கலைஞர் ஜிம்மி டுரான்டேயும் சேவியர் குகாட்டின் வாத்தியக் குழுவும் மேடையேறினார்கள்.

சூதாட வருபவனுக்கு எதற்குக் கச்சேரி? இங்கே ஒரு சின்னக் கணக்கு.

அமெரிக்க ரூலெட் சக்கரத்தில் 38 குழிகள். 1 முதல் 36 வரை எண்கள், ஒரு பூஜ்யம், ஒரு இரட்டைப் பூஜ்யம். 38 பேர் ஆளுக்கொரு எண்ணில் 100 ரூபாய் வைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். மேசையில் 3,800 ரூபாய். ஜெயித்தவருக்கு, அவர் வைத்த 100-ஐயும் சேர்த்து, 3,600 ரூபாய் கிடைக்கும். மீதி 200 கேசினோவுக்கு. நூற்றுக்கு ஐந்தே கால் ரூபாய் உறுதியான வரும்படி. யாரையும் ஏமாற்ற வேண்டாம். ஆட்கள் வர வேண்டும், உட்கார வேண்டும், சீக்கிரம் எழுந்து போகக்கூடாது, அவ்வளவுதான்.

அதற்குத்தான் பாட்டு. கடைக்காரர் சர்க்கரையை அடக்க விலைக்கும் கீழே விற்று, கூட்டத்தைச் சேர்த்து, மற்ற சாமான்களில் எடுத்துவிடுவார் இல்லையா? அதே வியாபாரம். 1955-ல் ரிவியரா ஓட்டல் பியானோ கலைஞர் லிபராச்சேக்கு வாரம் 50,000 டாலர் கொடுத்தது. சாப்பாட்டு மேசை வசூலை நம்பிக் கொடுத்த தொகை இல்லை அது. மேடைக் கணக்கின் நஷ்டத்தைச் சூதாட்டக் கூடத்தின் லாபம் அடைத்தது.

பெரிய அரங்குகள் போக, ‘லவுஞ்ச்’ என்ற சின்ன மேடைகள் சூதாட்டக் கூடத்தை ஒட்டியே இருந்தன. 1954 கடைசியில் சஹாரா ஓட்டலின் லவுஞ்சுக்கு லூயி பிரைமாவும் கீலி ஸ்மித்தும் வந்தார்கள். நள்ளிரவில் தொடங்கி விடியற்காலை வரை, ஒரே ராத்திரியில் ஐந்து முறை மேடையேறுவார்கள். மற்ற ஓட்டல்களில் பாடி முடித்த பெரிய நட்சத்திரங்களே அங்கே வந்து உட்கார்ந்து கேட்டார்கள்.

இந்தப் பளபளப்புக்குப் பின்னால் ஒரு அநியாயமும் இருந்தது. கறுப்பினக் கலைஞர்கள் அந்த மேடைகளில் பாடலாம், கைதட்டல் வாங்கலாம். ஆனால் அதே ஓட்டலில் அறை எடுத்துத் தங்க முடியாது, சாப்பாட்டுக் கூடத்தில் உட்கார முடியாது. கச்சேரி முடிந்ததும் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் உள்ள வெஸ்ட்சைடு பகுதிக்குப் போய், அங்கே உள்ள வீடுகளில் தங்க வேண்டும். 1955 மே மாதம் மூலன் ரூஜ் என்ற ஓட்டல் எல்லா இனத்தவரையும் அனுமதித்துத் திறந்தது. ஸ்ட்ரிப்பில் வேலை முடிந்த கலைஞர்கள் அங்கே கூடி விடிய விடிய வாசித்தார்கள். ஆனால் அதே வருடக் கடைசிக்குள் அது மூடப்பட்டது. 1960 மார்ச்சில், டாக்டர் ஜேம்ஸ் மக்மில்லன் தலைமையில் கறுப்பின மக்கள் ஊர்வலம் போவதாக எச்சரித்த பிறகுதான், ஓட்டல்கள் இறங்கி வந்தன. அந்த உடன்பாடு ஏற்பட்ட இடமும், மூடிக்கிடந்த அதே மூலன் ரூஜ்தான். ஆறு வருடம் கழித்து சாண்ட்ஸ் ஓட்டலில் ஃபிராங்க் சினாட்ரா பாட, கவுன்ட் பேஸியின் குழு வாசிக்க, குவின்சி ஜோன்ஸ் நடத்திய கச்சேரி இசைத்தட்டாக வந்தது. இன்றும் கேட்கக் கிடைக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

எல்விஸ் பிரெஸ்லி 1956-ல் நியூ ஃபிரான்டியரில் பாடியபோது, நடுவயதுக் கூட்டம் பெரிதாக ரசிக்கவில்லை. அவரே 1969 ஜூலையில் இன்டர்நேஷனல் ஓட்டலில் பாடத் தொடங்கி, 1976 வரை 600-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடத்தினார். அவர் பெயர் நமக்குத் தெரியும். அவருக்குப் பின்னால் உட்கார்ந்து வயலினும் டிரம்பெட்டும் வாசித்தவர்களின் பெயர் நமக்குத் தெரியாது. இப்படிப் பெரிய ஓட்டல்களில் சொந்த ஆர்கெஸ்ட்ரா இருந்தது. மாதச் சம்பளத்தை நம்பி வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பஸ்தர்கள் அவர்கள். நம்மைப் போல.

அந்த 1969-ல்தான், பங்குச் சந்தையில் உள்ள பெரிய கம்பெனிகளும் கேசினோ நடத்த வழிசெய்யும் சட்டம் வந்தது. பிறகு கணக்கு எழுதும் முறையே மாறியது. அறை, சாப்பாடு, மேடை என்று ஒவ்வொரு பிரிவும் தனித்தனியாக லாபம் காட்ட வேண்டும். ‘இருபது பேருக்குச் சம்பளம் எதற்கு, டேப் போட்டால் போதாதா?’ என்ற கேள்வி வந்தது. 1989 ஜூனில் இசைக் கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஏழு மாதத்துக்கும் மேல் நீடித்து, 1990 ஜனவரியில் முடிந்தது. கலைஞர்கள் தோற்றார்கள். பல அரங்குகளில் டேப் ஓடியது. வாசித்த கைகள் வேறு வேலை தேடிப் போயின.

அத்தோடு நேரடி இசை செத்துவிட்டதா? இல்லை. பணம் வரும் கணக்குதான் மாறியது. 2003 மார்ச் முதல் 2007 டிசம்பர் வரை சீஸர்ஸ் பேலஸில் செலின் டியோன் 700-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடத்தினார். ஜனங்கள் அவர் பாட்டுக்காகவே டிக்கெட் எடுத்து வந்தார்கள். 2023 செப்டம்பரில் யூ டூ குழுவின் கச்சேரியோடு திறந்த ‘ஸ்பியர்’ அரங்கத்துக்கு 200 கோடி டாலருக்கும் மேல் செலவு. இன்று ஸ்ட்ரிப்பின் பெரிய ஓட்டல்களில், சூதாட்ட வருமானத்தைவிட அறை, சாப்பாடு, நிகழ்ச்சி என்று வரும் வருமானம் அதிகம்.

இரண்டு காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அன்று சூதில் தோற்றவன் பணத்தில் பாட்டு மலிவாகக் கிடைத்தது. பெயர் தெரியாத நூற்றுக்கணக்கான கலைஞர்களுக்கு அடுப்பு எரிந்தது. ஆனால் அது யாரோ ஒருவர் வீட்டு நஷ்டம். திருக்குறளில் சூதுக்கென்றே ஒரு அதிகாரம் இருப்பது சும்மா இல்லை. இன்று கேட்பவரே பணம் கொடுக்கிறார். கணக்கு நேர்மையானது. ஆனால் டிக்கெட் விலை ஏறிவிட்டது, நட்சத்திரத்துக்குக் கிடைப்பது பக்கவாத்தியக்காரருக்குக் கிடைப்பதில்லை. எனக்கு இரண்டாவது கணக்கே மேல் என்று தோன்றுகிறது. ஒரு நிபந்தனை, கேட்கிற நாம் சின்ன மேடையை மறக்கக்கூடாது.

ஏனென்றால் நேரடி இசையின் ருசி அங்கேதான் இருக்கிறது. டேப் நேற்று பாடியதையே இன்றும் பாடும். ஆள் பாடினால், கூட்டத்தின் முகம் பார்த்து வேகத்தைக் கூட்டுவார், ஒரு வரியைத் திரும்ப எடுப்பார், தப்பு நடந்தால் சிரித்துச் சமாளிப்பார். அந்த ராத்திரி உங்களுக்கு மட்டும் கிடைத்த ராத்திரி.

ஆகவே, அடுத்து அங்கே போகிறவர்களுக்கு என் யோசனை மூன்று. ஒன்று, பெரிய ஷோவுக்கு டிக்கெட் எடுக்கும் முன், வாத்தியங்கள் நேரடியா, பதிவா என்று விசாரியுங்கள். இரண்டு, நுழைவுக் கட்டணம் இல்லாத லவுஞ்சுகள் இன்றும் இருக்கின்றன. ஒரு மாலை அங்கே உட்காருங்கள். 21 வயது நிரம்பாத பேரப்பிள்ளைகளைக் கேசினோ கூடத்தில் நிற்க விடமாட்டார்கள், அதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, ஸ்லாட் மெஷினில் போட எடுத்து வைத்த இருபது டாலரை, மேடை ஓரம் வைத்திருக்கும் கண்ணாடி ஜாடியில் போடுங்கள். மெஷினில் போட்டால் அது எங்கே போகிறது என்று உங்களுக்குத் தெரியாது. ஜாடியில் போட்டது யாருக்குப் போகிறது என்று கண்ணெதிரே தெரியும்.