இடது பக்கம் இழுத்த வண்டி

இந்த வாரம் ஆப் இல்ல, கோட் இல்ல. ஒரு பிக்கப் வண்டி, அதுல சரியா சுத்தாத ஒரு சக்கரம், அதை நான் தப்பா டீபக் பண்ணின கதை.

என் மாமாவுக்கு ஊர் மேட்டுப்பாளையம். ஊட்டியிலிருந்து கேரட்டும் பீட்ரூட்டும் ஏத்தி கீழே மண்டிக்குக் கொண்டுவர்றது அவர் தொழில். இருக்கிறது ஒரே ஒரு பிக்கப். அது நின்னா வருமானமும் நின்னுடும். பொங்கல் லீவுக்குப் போயிருந்தப்போ சொன்னார்: "மாப்ள, ஸ்டீரிங்க லூசா விட்டா வண்டி இடது பக்கமா போகுது. அலைன்மென்ட் பாத்தாச்சு, காத்தும் பாத்தாச்சு. டீசலும் அதிகமா குடிக்குது."

வண்டி ஒரு பக்கமா இழுத்தா முதல்ல கேக்க வேண்டிய கேள்வி, எப்போ இழுக்குது?

பிரேக் மிதிக்கும்போது மட்டும் இடது பக்கம் இழுத்தா, இடது பிரேக் நல்லா வேலை செய்யுது, வலது பிரேக்தான் சரியா பிடிக்கலன்னு சந்தேகப்படணும். நிறைய பேர் இங்கே தப்பான சக்கரத்தைக் கழட்டிடுவாங்க. பிரேக்கைத் தொடாம சும்மா ஓடும்போதே இடது பக்கம் இழுத்தா, இடது பிரேக் விடாம உரசிக்கிட்டே இருக்கலாம். அலைன்மென்ட், டயர் காத்து பிரச்சினைன்னா வண்டி கிளம்பின உடனே இழுக்கும். பிரேக் உரசல் அப்படி இல்ல. நாலு தடவை பிரேக் மிதிச்ச பிறகு அதிகமாகும்.

மாமா வண்டி இந்த ரெண்டாவது வகை. பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு நிறுத்தினோம். சக்கரத்தைத் தொடாம, பக்கத்துல மட்டும் கையைக் கொண்டுபோய்ப் பாத்தேன். முன் இடது சக்கரத்துல அனல் அடிச்சது. மத்த மூணும் சாதாரணம். இதுவரைக்கும் என் டீபக்கிங்ல தப்பு இல்ல.

அடுத்து நான் பண்ணினதுதான் தப்பு. போனை எடுத்தேன், ரெண்டு வீடியோ பாத்தேன், "காலிப்பர் ஜாம் மாமா, மாத்திடுங்க"ன்னு சொல்லிட்டேன். புது காலிப்பர், புது பேட், லேபர் எல்லாம் சேத்து மாமாவுக்குப் பல ஆயிரம் ரூபாய். வண்டி ரெண்டு நாள் நல்லா ஓடுச்சு. எனக்குப் பெருமை தாங்கல. மூணாவது நாள் மறுபடியும் இடது பக்கம்.

அப்புறம்தான் ஊர்ல ஒரு பழைய பட்டறைக்குப் போனோம். மெக்கானிக் அண்ணன் எந்த பார்ட்டையும் வாங்கச் சொல்லல. மத்த சக்கரங்களுக்குக் கட்டை வச்சு, முன் இடது பக்கத்தை ஜாக்கியில தூக்கி, ஸ்டாண்ட் போட்டார். என்னை பிரேக்கை நல்லா மிதிச்சு விடச் சொன்னார். விட்டேன். சக்கரத்தைச் சுத்திப் பாத்தார், அசையல.

காலிப்பர்ல காத்து எடுக்கிற நட்டை லேசா லூஸ் பண்ணினார். ஆயில் பீச்சி அடிச்சது. சக்கரம் சர்ர்ருனு சுத்துச்சு.

"தம்பி, காலிப்பர் ஜாம்னா ஆயிலை விட்டாலும் சக்கரம் சுத்தாது. இங்க பிரஷர் மாட்டிக்கிட்டு நிக்குது. காலிப்பர் மேல தப்பு இல்ல."

நட்டை டைட் பண்ணிட்டு, மறுபடியும் என்னை மிதிச்சு விடச் சொன்னார். இந்தத் தடவை ரப்பர் ஹோஸும் இரும்புக் குழாயும் சேர்ற ஜாயிண்டை லூஸ் பண்ணினார். கொஞ்சம் ஆயில் கசிஞ்சது, சக்கரம் இறுகியேதான் இருந்துச்சு. அப்போ பிரஷர் அந்த ஜாயிண்டுக்கு மேல இல்ல, கீழே மாட்டியிருக்கு. கீழே மிச்சம் இருக்கிறது ஹோஸ் மட்டும்தான். அந்த இடத்துல சக்கரம் சுத்தியிருந்தா மாஸ்டர் சிலிண்டர் பக்கம் தேடியிருக்கணும். ஆனா அதுல பிரச்சினைன்னா பொதுவா ஒரு சக்கரத்தோட நிக்காது.

பைனரி சர்ச். ரெண்டு நட்டு, அஞ்சு நிமிஷம்.

ஹோஸைக் கழட்டி நீளவாக்குல கீறிக் காட்டினார். வெளியே ஒரு கீறல்கூட இல்ல. உள்ளே ரப்பர் உப்பி, வழியை அடைச்சிருந்துச்சு. மிதிக்கும்போது கால் பலத்துல ஆயில் அதைத் தள்ளிட்டுப் போயிடும். திரும்பி வரும்போது தள்ள ஆள் இல்ல. டிஸ்க் பிரேக்ல பிஸ்டனைப் பின்னால இழுக்கிறது அதைச் சுத்தி இருக்கிற ரப்பர் சீல்தான். அந்தச் சின்ன பலத்தால அடைப்பைத் தாண்ட முடியாது. ஹோஸ் ஒன் வே வால்வ் மாதிரி ஆயிடுது. நடுவுல ரெண்டு நாள் நல்லா ஓடினது? காலிப்பர் மாத்தறப்போ ஹோஸை அசைச்சதுல அடைப்பு கொஞ்சம் விலகியிருக்கும்னார்.

ஹோஸ் விலை சில நூறு ரூபாய். ரெண்டு பக்கமும் ஒரே வயசுங்கிறதால வலது பக்கமும் மாத்தினோம். புது ஆயில் ஊத்தி, காத்து எடுத்து முடிச்சார்.

கிளம்பும்போது அண்ணன் மாமாகிட்ட கேட்டார்: "ஏனுங்க, மலை இறங்கறப்போ பெடல் எப்படி இருந்துச்சு?"

மாமா என்னைப் பாக்காம சொன்னார்: "நேத்து பர்லியார்கிட்ட மெத்துன்னு உள்ள போச்சுங்க. நிறுத்தி அரை மணி நேரம் ஆற வச்சுத்தான் வந்தேன்."

அது என்னன்னு எனக்குப் புரிஞ்சது. டாட் 3 பிரேக் ஆயில் புதுசா இருந்தா குறைஞ்சது 205 டிகிரி செல்சியஸ் வரைக்கும் தாங்கணும். ஆனா அது காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சும். ஈரம் சேந்த ஆயிலுக்கு அந்தத் தரம் சொல்ற குறைந்தபட்சம் 140 டிகிரிதான். உரசிக்கிட்டே மலை இறங்குற பிரேக்ல அந்தச் சூடு சுலபமா வந்துடும். ஆயில் கொதிச்சா ஆவி. ஆவி அமுங்கும், பெடல் தரைக்குப் போகும், பிரேக் இருக்காது.

வர்ற வழியில கேட்டேன்: "ஏன் மாமா என்கிட்ட சொல்லல?"

"நீ இன்ஜினியராச்சே மாப்ள. சரியாத்தான் சொல்லியிருப்பேன்னு நெனச்சேன்."

ஆபீஸ்ல நான் தப்பா ஒரு ஃபிக்ஸ் போட்டா ரோல்பேக் பண்ணிடலாம். அந்த மலை ரோட்ல மாமாவுக்கு அந்த வசதி கிடையாது. இப்பல்லாம் வண்டியோ சர்வரோ, யாராவது கேட்டா, "எனக்கு அப்படித் தோணுது, இன்னும் டெஸ்ட் பண்ணல"ன்னு முழுசா சொல்லிடறேன்.

ரெண்டு எச்சரிக்கை. நட்டைத் திறந்தா லைன்ல காத்து ஏறும், அதை எடுக்காம வண்டியை ரோட்ல இறக்காதீங்க. பெரிய லாரிகளோட ஏர் பிரேக் வேற கதை. அதோட ஸ்பிரிங் சேம்பரைப் பிரிச்சா ஆளையே கொல்லும், தெரிஞ்சவங்ககிட்ட விடுங்க.

உங்க வீட்டு வண்டி இழுத்துச்சுன்னா, பார்ட் வாங்கறதுக்கு முன்னாடி அந்த முதல் கேள்வியைக் கேளுங்க: எப்போ இழுக்குது? அடுத்த வாரம் பேசலாம்.