சிறு விமானமும் பனிக்கால உடையும்
(நூற்றாண்டையொட்டிக் கனடாவில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரை)



ஒன்ராறியோ மாகாணத்தின் வடக்கே, ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் வீதி இல்லாத முதற்குடிமக்களின் கிராமங்கள் பல உள்ளன. கடுங்குளிரில் ஏரிகள் உறைந்தபின் சில கிழமைகளுக்குப் பனிவீதி திறக்கும். மற்றும்படி வைத்தியர், தாதி, ஆசிரியர், நோயாளர் எல்லோருக்கும் சிறு விமானமே துணை. எங்களில் சிலர் அப்படிப் போய்வருகிறோம். இனிப் போகவிருக்கும் தங்கைமாருக்காகவே இந்தச் சில வார்த்தைகள்.

விமானத்துள் சூடு இருக்கும். அந்தச் சூட்டை நம்பி உடுத்தக் கூடாது. காலநிலை மாறினால் விமானி ஆளில்லாத வேறொரு ஓடுபாதையில் இறக்கலாம். இயந்திரம் பழுதானால் உறைந்த ஏரியிலும் இறக்க நேரலாம். வெளியே சைபருக்குக் கீழே 30 பாகை இருக்கும். அவசரத்தில் பயணப்பெட்டி கைக்கு வராது. உடம்பில் உள்ளதும் சட்டைப்பையில் உள்ளதுமே எங்களோடு இறங்கும். உயிர்காப்புப் பொருட்களை விமானம் கொண்டுசெல்ல வேண்டும் என்பது கனடாச் சட்டம். ஆனால் உங்கள் கால் அளவுச் சப்பாத்து அதற்குள் இராது!

உடை மூன்று அடுக்காக இருக்கட்டும். உடம்போடு ஒட்டியது மெல்லிய மெரினோ கம்பளி. பருத்தி வேண்டாம், அது வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும். நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டைக் கடத்தும். நடுவில் தடித்த கம்பளிச் சட்டை. வெளியே காற்றும் நீரும் புகாத, தொப்பி இணைந்த நீண்ட மேலங்கி. அதேபோன்ற காற்சட்டையும் வேண்டும். இறகு அடைத்த அங்கி இலேசானது, ஆனால் நனைந்தால் சூடு தராது.

துணியைத் திருப்பிப் பின்பக்கம் பார்க்கும் பழக்கத்தை எங்களுக்குத் தந்தது மனையியல் வகுப்பு. இங்கும் அதையே செய்யுங்கள். தையலின் உட்புறம் முழுவதும் பட்டி ஒட்டியிருக்க வேண்டும்; ஊசித் துளைகளாலும் நீர் புகும். சிப்பைக் கையுறையோடு இழுத்துப் பாருங்கள். நிறம் செம்மஞ்சளோ சிவப்போ நல்லது. வெண்பனியில் தேடுவோர் கண்ணுக்குத் தெரியும்.

விரல்கள் ஒன்றாக இருக்கும் கையுறையே கூடிய சூடு தரும். அதற்குள் மெல்லிய கையுறை ஒன்று அணியலாம். சப்பாத்துள் விரல்கள் அசைய இடம் வேண்டும். இறுக்கினால் இரத்தவோட்டம் குறைந்து கால் விறைக்கும்.

ஏறுமுன் உடையில் உள்ள பனியைத் தட்டிவிடுங்கள். உள்ளே உருகி நனைத்தால் வெளியே வந்ததும் உறையும். பருத்த அங்கிக்கு மேல் ஆசனப்பட்டி தளர்ந்து நிற்கும். அங்கியைத் திறந்து, பட்டியை இடுப்போடு இறுக்கிக் கட்டுங்கள்.

உடலின் உள்வெப்பம் 35 பாகைக்குக் கீழே போனால் ஆபத்து. நடுக்கம், குழறும் பேச்சு, தடுமாறும் கை ஆகியவை அறிகுறிகள். குளிரில் விறைத்த விரலைத் தேய்க்கவே கூடாது.

இன்னுமொன்று. நோயாளரைத் தெற்கே அனுப்பும்போது மருந்துப் பட்டியலோடு அவருடைய உடையையும் பாருங்கள். வைத்தியசாலைச் சட்டையும் ஒரு போர்வையுமாக எவரையும் ஏற்றிவிடாதீர்கள். கூடப்போகும் தாயின் கால்களையும் ஒருமுறை பாருங்கள். அதுவும் வைத்தியந்தான்.